ஆறு கிண்ணங்களும் ஓர் ஏப்பமும்

காலை பத்தேகாலுக்கு இன்குபேட்டர் ஊளையிட ஆரம்பித்தது.

ஆய்வகத்தில் எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடும் டெக்னீஷியன், வராந்தாவில் பாதி டீயை விட்டுவிட்டு ஓடி வந்தாள். வாயு சிலிண்டர் காலி. புதியதை மாட்டி அலறலை அடக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்த ஆறு கிண்ணங்களின் மூடியிலும் நீர் கோத்திருந்தது. மூடிகளைக் கழற்றித் துடைத்து மறுபடி மூடினாள். செய்ததை ஒளிக்காமல் பதிவேட்டிலும் எழுதினாள். வினை அங்கேதான் பிடித்தது.

கிண்ணங்களில் மூன்று வாரமாக வளர்ந்தவை குடலின் உள்சுவர் செல்கள். குளியலறைத் தரையில் ஓடு பதித்த மாதிரி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வலி மாத்திரை பட்டால் ஓடுகள் பெயரும். பெயராமல் காக்க ஒரு கொழகொழ சிரப்பைக் கண்டுபிடித்திருந்தார் இயக்குநர். மூட்டுவலி மாத்திரையை விழுங்கி விழுங்கி மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து வந்த யோசனையாம். தானும் தினம் மூன்று ஸ்பூன் குடிப்பார். அவர் வருவதற்கு முன்பே ஏப்பம் வந்துவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் ஏப்பம் சார்.

முந்தைய மாலை அவரே மூன்று கிண்ணங்களில் சிரப் ஊற்றி, மூடியில் 'சிரப்' என்று எழுதி, பிறகு ஆறிலும் வலி மாத்திரைக் கரைசலை ஊற்றியிருந்தார். இன்று மூன்று மணிக்கு, சிரப்பை விற்கப் போகிறவர்கள் முடிவைப் பார்க்க வருகிறார்கள்.

பதினொரு மணிக்கு இயக்குநர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். சிரப் இல்லாத கிண்ணங்களில் ஓடுகள் அங்கங்கே பெயர்ந்திருந்தன. சிரப் ஊற்றியவற்றில் தரையே இல்லை.

வெளிறிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். மூடி துடைத்த கதையைப் படித்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது. மூடிகள் மாறிப்போயிருந்தால், தரை போனவை சிரப் ஊற்றாத கிண்ணங்கள் என்று ஆகிவிடுமே! பத்தே நிமிடத்தில் நாலு வரிக் கடிதம் தயார். 'மூடிகளை மாற்றிப் போட்டது நான்தான்.' கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு போகும், மறுத்தால் வேலை போகும் என்று மிகவும் தன்மையாகச் சொன்னார். நடுவில் இரண்டு ஏப்பம்.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பன்னிரண்டு வருட வேலை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். பேனாவை எடுக்கவில்லை. 'சிரப்' மூடி போட்ட ஒரு கிண்ணத்தை எடுத்து, அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"மூடியை நம்பி நான் எந்தக் காலத்துல வேலை பார்த்தேன், சார்? நேத்து நீங்க சிரப் ஊத்தின கையோட அந்த மூணு கிண்ணத்துக்கும் அடியில சிவப்புப் புள்ளி வெச்சேன். 'கிண்ணத்துக்கு அம்மை போட்டிருக்கா'ன்னு நீங்கதானே கிண்டல் பண்ணீங்க?"

அவர் அண்ணாந்து பார்த்தார். சிவப்புப் புள்ளி. மற்ற இரண்டு 'சிரப்' கிண்ணங்களையும் தானே தூக்கிப் பார்த்தார். அவற்றின் அடியிலும் புள்ளி. மிச்சம் மூன்றும் சுத்தம். ஒரு மூடிகூட மாறவில்லை.

ஏப்பம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வயிற்றை ஒரு கையால் தடவிக்கொண்டே போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"உங்கம்மாவோட சிரப்பை உடனே சிங்க்ல கொட்டிடும்மா. ரெண்டு மாசமா அவங்க வயித்து வலின்னு அழுதது நடிப்பு இல்ல."