பத்து மில்லிமீட்டருக்கு முந்நூறு கிலோ

சிவப்புக் குட்டிக் காரின் பின் இருக்கையில் கெர்லிண்டேயை ஏற்றி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் தலை போனது, பிறகு கைப்பை, நீண்ட யோசனைக்குப் பின் மீதி. ஏற்கெனவே உள்ளே இருந்த டிராவுடலும் மெக்டில்டும் ஆளுக்கொரு ஜன்னலோடு அப்பிக்கொண்டார்கள். கார் பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தது.

"மணல் மூட்டைதானே கொண்டாரச் சொன்னேன்?" என்றார் வாகனச் சோதனை அதிகாரி வீஸ்னர்.

"முந்நூறு கிலோ பாரம்னுதான் சொன்னீங்க. மணல் பாடுமா? இவளுக பாடுவாளுக" என்றாள் ரோஸ்விதா.

மூவரும் தேவாலயப் பாடகர் குழுவின் கட்டைக்குரல் வரிசை. அவர்கள் கீழ்ஸ்தாயி பிடித்தால் பக்கத்து ஊர்ப் பசுக்கள் படுத்துவிடும்.

நீச்சல்குளக் காவல் வேலையில் முப்பது வருடம் விசில் ஊதி ஓய்வு பெற்றவள் ரோஸ்விதா. அவளுடைய இந்தக் கார் எண்பதுகளின் பந்தயக் குட்டி. மிதித்தால் தொப்பியைப் பின்னால் விட்டுவிட்டுப் பறக்கும். போன வருட மலைப்பாதைக் கார்ப் போட்டியில் நான்காம் வளைவில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. அரை விநாடி வித்தியாசத்தில் கோப்பையை மருந்துக்கடை ஹோர்ஸ்ட் தட்டிக்கொண்டு போனான். அதற்காகத்தான் இந்தப் புது டயர்கள். பழையதைவிடப் பத்து மில்லிமீட்டர் அகலம். ஆனால் பாரத்தோடு திரும்பும்போது டயர் மேல்தகட்டில் உரசாது என்று வீஸ்னர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வண்டி சாலையில் ஏறக்கூடாது. போட்டியோ நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

"கல்யாணத்துக்கப்புறம் நான் எத்தனை மில்லிமீட்டர் அகலமாயிட்டேன்! எந்தக் காகிதத்துல பதிஞ்சீங்க?" என்றாள் ரோஸ்விதா.

வீஸ்னர் சிரிக்கவில்லை. சக்கரங்களுக்கு மேலே தகட்டின் உள்விளிம்பில் கவனமாகச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். உரசினால் டயரில் வெள்ளை ஒட்டும். பிறகு பேனாவை எடுத்தார்.

"பாரம் எவ்வளவுன்னு எழுதணும். ஆளுக்கு எத்தனை கிலோ?"

டிராவுடல் வானத்தைப் பார்த்தாள். மெக்டில்டுக்குத் திடீரென்று காது கேட்கவில்லை.

"சொல்லலைன்னா கையெழுத்து இல்லை."

நாற்பது வருடமாக எழுபத்தெட்டு கிலோவில் நின்றுவிட்ட கெர்லிண்டேயிடம் இதை எப்படிக் கேட்பது? போகட்டும், ஹோர்ஸ்டே ஜெயிக்கட்டும் என்று ரோஸ்விதா வாயைத் திறந்தாள்.

"நூத்திநாலு!" கெர்லிண்டேயின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நல்லா எழுதிக்கோங்க. அந்த மருந்துக்கடைக்காரன் மூஞ்சில கரி பூசணும்."

"அடிப்பாவி, ஈஸ்டர்ல எழுபத்தெட்டுன்னியேடி!" என்று டிராவுடல் பாய்ந்தாள்.

"அது என் மனசோட எடை. நீ சொல்லுடி."

"தொண்ணூத்தெட்டு" என்றாள் டிராவுடல்.

"தொண்ணூத்தாறு. காலணி இல்லாம" என்றாள் மெக்டில்ட், காது மறுபடி கேட்டு.

வீஸ்னர் கூட்டினார். "ரெண்டு கிலோ குறையுதே."

டிராவுடல் காலடியிலிருந்து பிளம்ஸ் கேக் தட்டைத் தூக்கி மடியில் வைத்தாள். வீஸ்னர் அதை முகர்ந்து, ரொம்ப நேரம் யோசித்து, 'இரண்டு' என்று எழுதினார்.

அவரே ஓட்டினார். மரக்கட்டையில் சக்கரத்தை ஏற்றி இறக்கினார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. விதிப்படி அவ்வளவுதான். ரோஸ்விதா கைகளைப் பிசைந்தபடி காத்திருந்தாள். வண்டி நிற்கவில்லை. மூன்றாவது சுற்று, சற்று வேகமாக. உள்ளே கட்டைக்குரல்கள் பாடத் தொடங்கின. வளைவுக்கு வளைவு மூன்று தலைகளும் ஒன்றாகச் சாய்ந்தன. நான்காவது சுற்றில் வீஸ்னரின் முழங்கை ஜன்னலுக்கு வெளியே வந்தது, விரல்களில் கேக் துண்டு. ரோஸ்விதா குனிந்து, கண்ணை இடுக்கி, சுழலும் டயரை மட்டும் பார்த்தாள். கறுப்பு. கறுப்பு. இன்னும் கறுப்பு.