வாயிலில் நடந்த ஒத்திகை

“நல்லாத்தான் செய்யிறீங்கள், அண்ணன். ஆனா கொஞ்சம் அழுதிருக்கலாம்.”

விடுதி வாயிலில் நின்ற இளைஞன் சிரித்துக்கொண்டே இவ்வாறு கூறியது இக்ராமுக்கு விளங்கவில்லை. தலைக்கவசத்தைக் கையில் ஏந்தியவாறு, முன்பு சொன்னதையே அவன் திரும்பவும் சொன்னான்.

“தம்பி, நான் கிண்ணியாவில இருந்து வாறன். எங்கட வாப்பா காலையில மௌத்தாகிட்டார். தங்கச்சி ஜுமானா உள்ளுக்க இருக்கா. பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதுக்கு முந்தி அவ வாப்பாட முகத்தப் பார்க்கணும்.”

“அப்பிடி ஒராள் இஞ்ச இருக்கிறாவோ இல்லையோ எண்டு நான் சொல்ல ஏலாது.”

“நான் அவட சொந்த நானா, தம்பி. கூடப் பிறந்தவன்.”

“ஓம், ஓம். வாற ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

இளைஞனின் மார்பில் தொங்கிய அட்டையில் சிந்துஜன் என்று எழுதப்பட்டிருந்தது. அவன் மரியாதையாகவே நின்றான். ஆயினும் வழியை விட்டு விலகவில்லை.

காலையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வாப்பா கலீலுர் றஹ்மான் நெஞ்சைத் தடவியவாறு தண்ணீர் கேட்டார். மனைவி லைலா குசினியிலிருந்து திரும்புமுன் கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். ஜுமானாவின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. விடுதிக்கு அழைத்துக் கேட்டபோது, அங்கு தங்கியிருப்போரைப் பற்றி எதுவும் கூற முடியாது என்றனர். ஆகவேதான், வாப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த இக்ராம் அப்படியே மோட்டார்ச் சைக்கிளை எடுத்தான்.

ஜுமானா கலாநிதிப் பட்டத்துக்காகப் பயங்கரவாதத் தடுப்பை ஆராய்பவள். நோர்வேயிலும் மலேசியாவிலுமுள்ள பல்கலைக்கழகங்களோடு இலங்கைப் பல்கலைக்கழகமொன்று இணைந்து, ஆய்வு மாணவருக்கு நடத்திய பயிற்சிக்காக அவ்வாரம் முழுவதும் திருகோணமலை உட்துறைமுகக் கரையிலிருந்த அவ்விடுதியில் தங்கியிருந்தாள். குண்டுவெடிப்பில் உறவினரை இழந்தோரும், சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்தோரும் அங்கே வந்து பேசினர். அவர்கள் இன்னாரென்று வெளியே தெரிதல் ஆகாதென்பதனால், மண்டபத்துக்குள் எவரும் தொலைபேசி கொண்டு செல்வதில்லை. இவற்றையெல்லாம் அவள் ஒருமுறை அவனுக்கு விளக்கியிருந்தாள். “ஊர்ல ஆரும் கேட்டா, நீ பொருளாதாரம் படிக்கிறாயெண்டுதான் நான் சொல்லுறன்,” என்று அவன் அன்று கேலி செய்திருந்தான்.

தொலைபேசி ஒலித்தது. வாப்பாவின் தம்பி பேசினார்.

“குளிப்பாட்டிக் கபன் துணி சுத்தியாச்சு, மகன். எங்க நிக்கிறீங்க?”

“விடுதி வாசல்ல, சாச்சா.”

“இன்னும் வாசல்லயா? பள்ளியில அறிவிச்சாச்சு. சனம் சேர்ந்திட்டுது. கனநேரம் வச்சிருக்க ஏலாது.”

இக்ராம் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் இட்டுக்கொண்டான். அவன் வாயிலைத் தள்ளிப் பார்த்தான். சிந்துஜன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அடிதடி வரைக்கும் போக வேண்டாமெண்டு உங்களுக்குச் சொன்னவைதானே, அண்ணன்?” என்றான்.

அப்பொழுது ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய முதியவரின் சட்டைப் பொத்தான்கள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஐயோ தம்பி! என்ர தகப்பன் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்! உள்ளுக்கு இருக்கிற என்ர தங்கச்சியை ஒருக்காக் கூப்பிடுங்கோ, ராசா!”

மேலும் ஏதோ சொல்ல எடுத்தவர், இக்ராமைக் கண்டு அழுகையை நிறுத்தினார்.

“என்ன சிந்துஜன், எனக்கு முதல் வேற ஆளை வச்சிட்டீங்களோ? இந்த அல்பிரட்டை விட நல்லா நடிக்கிற ஆள் திருகோணமலையில ஆர்?”

சிந்துஜனின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. அவன் இக்ராமின் காய்ந்த கண்களையும், முழங்கை வரை நனைந்து உலராதிருந்த சட்டைக் கையையும் பார்த்தான். திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

“அண்ணன், எங்களுக்கு இண்டைக்கு ஒரு ஒத்திகை. சொந்தக்காரரெண்டு சொல்லி, சாட்சி சொல்ல வந்த ஆக்களைத் தேடி ஆரும் வந்தா என்ன செய்யிறதெண்டு. இவர்தான் அதுக்கு வர இருந்தவர். நான் உங்களை அவரெண்டு நினைச்சிட்டன். தகப்பன் செத்திட்டாரெண்டு சொன்னாலும் மனம் இளகக்கூடாதெண்டு எங்களுக்குத் தந்த தாளில எழுதிக்கிடக்கு. எழுதினது ஜுமானா அக்காதான்.”

அல்பிரட் தம் சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் பூட்டத் தொடங்கினார்.

இக்ராம், “அவட்ட இதச் சொல்லாதீங்க,” என்றான். “இண்டைக்கும் வேணாம். பிறகும் வேணாம். ஓடிப்போய் அவவக் கூப்பிடுங்க, தம்பி.”

ஜுமானா வெறுங்கையுடன் வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். சீனன்குடாவைக் கடந்ததும் அவள் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

“வாப்பா ஏதும் சொன்னாரா, நானா?”

“தண்ணி கேட்டார்.”

கிண்ணியாப் பாலம் வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. மீன்பெட்டி கட்டிய சைக்கிளொன்று மட்டும் எதிரே வந்தது.

வீட்டு ஒழுங்கையில் ஆண்களின் செருப்பு ஒன்றுகூட இல்லை. வாசலில் நின்ற பெண்கள் ஜுமானாவைக் கண்டதும் இரு பக்கமும் விலகினர். கூடத்தில் விரித்திருந்த பாய் சுருட்டப்பட்டிருந்தது. லைலா மகளின் கையைப் பிடித்து, “இப்பதான், மகள், தூக்கிட்டுப் போனாங்க. இப்பதான்,” என்றாள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் செல்லும் வழக்கம் இல்லை. இக்ராம் வண்டியை விட்டு இறங்காமலே பள்ளிவாசலை நோக்கித் திருப்பினான்.

துக்கத்துக்கு வந்தோர் மாலையில் பெரும்பாலும் சென்றுவிட்டனர். ஜுமானா உம்மாவின் அருகில் அமர்ந்திருந்தாள். மண்படிந்த கால்களைக் கழுவிக்கொண்டு இக்ராம் உள்ளே வந்தான்.

“ஏன் மகன் அவ்வளவு சுணங்கினீங்க?” என்று லைலா கேட்டாள். “புள்ளைக்கு வாப்பாட முகத்தப் பார்க்கக் கிடைக்கல்லியே.”

“பாலத்தில லொறி ஒண்டு பிரண்டு கிடந்தது, உம்மா. போகக்குள்ளயும் வரக்குள்ளயும் வழி இல்ல.”

ஜுமானா நிமிர்ந்து தமையனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. லைலா, “அல்லாட நாட்டம்,” என்று கூறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாடகைக் கதிரைகள் முற்றத்தில் கிடந்தன. இக்ராம் வெளியே சென்று அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். சிறிது நேரத்தில் ஜுமானாவும் வந்தாள். பாலத்தில் இல்லாத லொறியைப் பற்றி அவள் கேட்கவில்லை. வேலியோரம் கிடந்த கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.