மல்லாட்டைத் தோல் படகுகள்

ரெட்டியார்பாளையத்தில் டைல்ஸ் ஒட்டும் ராஜவேலுக்கு வயிற்றெரிச்சல் வந்தால், அவன் குழைத்து வைத்த வெள்ளைச் சிமென்ட் சட்டியிலேயே காய்ந்து கல்லாகிவிடும். ஒரு மழைக்காலத்தில் மூன்று நாளாகக் காயாமல் கிடந்த கூடத்துத் தரை, எதிர்வீட்டு கமருஸ்ஸமானைப் பற்றி அவன் கால் மணி நேரம் யோசித்ததில் காய்ந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் மார்கழியில் அந்தத் தரையில்தான் படுக்கிறார். கதகதப்பாக இருக்கிறதாம்.

கமருஸ்ஸமான் படங்களுக்குக் கண்ணாடி போட்டு ஃப்ரேம் அடிக்கும் கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். அவர் மேல் எரிய வேண்டிய காரணம் ஒன்றே ஒன்றுதான். அது டவுனில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அறை வாசலில், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கைவேலைக் கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் முதலாவதாக வரும் பொருள், செய்த பிள்ளையின் பெயரெழுதிய அட்டையோடு, அடுத்த கண்காட்சி வரை அலமாரியில் இருக்கும். "நீங்களே செய்யணும் பிள்ளைங்களா" என்று டீச்சர் வகுப்பில் சொல்லிவிட்டு, செய்ய வேண்டிய விவரத்தைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப்பில் போடுவார். ஆகவே வேலை பிள்ளைகளுடையது, கை பெற்றோர்களுடையது. இதில் யாருக்கும் ஒளிவுமறைவு கிடையாது.

ஒன்றாம் வகுப்பில் கமருஸ்ஸமானின் மகள் அரீபா கொண்டு வந்த ஐஸ்குச்சி மயில் அலமாரிக்குள் போனது. இரண்டாம் வகுப்பில் அவள் கொண்டு வந்த தீப்பெட்டி மாட்டுவண்டி, வளையல் சக்கரத்தோடு உருண்டு உள்ளே போனது. ராஜவேலின் மகள் கவிநிலாவும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. அவள் பெயர் எழுதிய அட்டை இன்னும் அச்சாகவில்லை.

இத்தனைக்கும் ராஜவேல் சும்மா இருந்தவனில்லை. முதல் வருஷம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீடு ஒன்று கட்டிக் கொடுத்தான். இரண்டாம் வருஷம் கடல் நீர் ஆவியாகி மேகமாகும் விதத்தைப் பம்பு மோட்டார் வைத்துக் காட்டினான். அன்று இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் மட்டும் இடி இடித்து மழை பெய்து, பிள்ளைகளுக்கு மழை விடுமுறை விட்டார்கள். அவ்வளவு செய்தும் பரிசு தீப்பெட்டி வண்டிக்குத்தான்.

"அந்த மயிலுக்கு ஒரு காலு கோணல். அந்த மாட்டுக்குக் கொம்பு ரெண்டும் ரெண்டு தினுசு. குருடன் கூட அதவிட நல்லா ஒட்டுவான்" என்று வருஷம் முழுக்க வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். கவிநிலா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மட்டும், "கோணல்னா நடக்கற மயிலுப்பா" என்றாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"சும்மா தோணுச்சு."

இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு 'நம்ம ஊர்' என்று தலைப்பு. ராஜவேல் கடற்கரையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தைச் செய்ய ஆரம்பித்தான். உள்ளே செங்கல், வெளியே உடைந்த குளியலறை டைல்ஸ், உச்சியில் லாரி ஹெட்லைட். கவிநிலாவைவிட ஒரு சாண் உயரம். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"நானும் ஒரு டைல்ஸ் ஒட்றம்ப்பா."

"கைய வையாத. லெவல் போயிடும். நீ போயி படி."

அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு அரீபாவோடு படிக்கப் போய்விடுவாள். தினமும் அப்படித்தான். போகும்போது ஒரு கை வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், உடைத்து, பருப்பையெல்லாம் அப்பாவின் வாயில் போட்டுவிட்டு, தோலை மட்டும் பாவாடை மடியில் அள்ளிக்கொண்டு போவாள். குப்பையைக்கூடத் தரையில் போடாத பிள்ளை என்று ராஜவேலுக்குப் பெருமை. விரல் நுனியில் தோல் உரிகிறதே என்று அவன் மனைவி மாலா மகளுக்குச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். சிரிப்புச் சத்தமும் கேட்கும். இரண்டாவதுதான் ராஜவேலை அதிகம் சுட்டது.

"பாய் என்னா செய்யறாரு?" என்று மகளை ஓரங்கட்டிக் கேட்டான்.

"டீ குடிக்கறாரு."

"கைவேலைடி. அரீபாவுக்கு என்னா செய்யறாரு?"

"தெரியலப்பா. நாங்க வாய்ப்பாடு சொல்லிக்கிறோம். ஆனா பாய் மாமா சூப்பர்ப்பா."

பாய் மாமா சூப்பர். இடியும் மழையும் இறக்கிக் காட்டியவனுக்கு அந்த வார்த்தை ஒருதரம்கூட வரவில்லை. அன்று மாலை ஹெட்லைட்டைச் சோதித்தபோது ராஜவேல் அதை எதிர்வீட்டுப் பக்கமே திருப்பி வைத்தான். மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகு அந்த வெளிச்சத்தைப் பார்த்து ரெட்டியார்பாளையம் பக்கம் முகத்தைத் திருப்பியதென்றும், நடுவில் ரோடு இருந்ததால் திரும்பிப் போனதென்றும் சொல்கிறார்கள். கமருஸ்ஸமான் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ராஜவேலு, வெளக்க கொஞ்சம் அந்தாண்ட திருப்பிக்கப்பா. எங்க வூட்டு சேவல் விடிஞ்சுடுச்சுன்னு மூணு வாட்டி கூவிட்டு இப்ப தொண்ட கட்டி ஒக்காந்துருக்கு."

"இது ஊருக்கே வழிகாட்ற வெளக்கு பாய். சேவலுக்காக அணைக்க முடியுமா?"

"சர்தான்" என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போனார். சிரிக்கிற மனிதன் கையில் எதையோ வைத்திருக்கிறான் என்று ராஜவேலுக்கு நிச்சயமாகிவிட்டது.

இடையில் புயல் வந்தது. ஊர் முழங்கால் தண்ணீரில் நின்றது. கண்காட்சி இரண்டு முறை தள்ளிப்போய், ஒருவழியாகத் தூறல் விடாத ஒரு காலையில் நடப்பதாக ஆயிற்று. கலங்கரை விளக்கத்தைக் கொண்டுபோக டைல்ஸ் கடைக் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு பிரேம்குமார் வந்தான். பிள்ளைகள் இருவரும் முன்னால் அவனருகே ஏறிக்கொண்டார்கள். விளக்கு ஆடாமலிருக்க கமருஸ்ஸமானே கயிறு போட்டு வண்டிப் பக்கவாட்டில் கட்டிக் கொடுத்தார். சுவரில் படம் மாட்டுகிறவர் போடும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும்.

பிறகு மூடி போட்ட பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் குழந்தையை எடுப்பதுபோல எடுத்து வந்தார். "அரீபாவோடது. டிவிஎஸ்ஸுல எடுத்தா நனைஞ்சுடும். ஒன்ன நம்பித்தான் ஏத்தறேன் ராஜவேலு. நானும் அரீபா அம்மாவும் பின்னாடியே வந்துடறோம்."

தார்ப்பாய்க்குள் ராஜவேலும் பெட்டியும் தனியாக இருந்தார்கள். வண்டி தெரு முனை தாண்டும் வரைக்கும் அவன் பொறுமையாகத்தான் இருந்தான். பிறகு மூடியைத் திறந்தான்.

உள்ளே வீராம்பட்டினம் இருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை மடித்த வீடுகள். பத்திரிகையின் தங்க ஓரம் கூரை விளிம்பில் மின்னியது. ஈர்க்குச்சியில் தென்னை மரங்கள். தீக்குச்சியில் அம்மன் தேர், வடத்துக்குச் சிவப்பு நூல். கரையோரம் முப்பது நாற்பது படகுகள், எல்லாம் மல்லாட்டைத் தோல். ஒரே ஒரு படகில் பஞ்சும் காகிதமும் சுருட்டிய ஆள் ஒருவன், தோளில் சுண்டுவிரல் நகமளவு துண்டு போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அந்தத் துண்டைப் பார்த்ததும்தான் ராஜவேலுக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதன் தன் மகளுக்காக இவ்வளவு சின்னத் துண்டை நினைத்துப் பார்த்து வெட்டுவானா? இது நேராக அலமாரிக்குள் நடந்து போய் உட்கார்ந்துகொள்ளும். கவிநிலா பெயர் இந்த வருஷமும் இல்லை. பாய் மாமா சூப்பர்.

மூடியை மூடினான். விளக்கைக் கட்டிய கயிறு கொஞ்சம் அதிக இறுக்கமாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. டைல்ஸ் கீறிவிடுமே என்று முடிச்சைத் தளர்த்தினான். முடிச்சு முழுசாக அவிழ்ந்துகொண்டது. இந்திரா காந்தி சிலை வளைவில் பிரேம்குமார் பிரேக் போட்டான். ராஜவேல் கையை நீட்டியிருக்கலாம். கை மடியிலேயே இருந்தது.

விளக்கு பெட்டியின் மேல் முழு நீளத்துக்கும் படுத்தது. விளக்கில் ஒரு டைல்ஸ்கூடப் பெயரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இருவரும் வண்டியின் முன்னாலிருந்து குதித்து ஓடி வந்தார்கள். கவிநிலா தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டுப் போட்ட அலறலில் மணியடிக்க வந்தவர் மணியை விட்டுவிட்டார்.

"அழாதடி" என்றான் ராஜவேல். "ஒன்னுது நல்லாத்தான் இருக்குது. ஒடஞ்சது அரீபாவோடது."

"அதுதாம்ப்பா என்னுது!"

"என்னாது?"

"நான் செஞ்சது! நானும் அரீபாவும் செஞ்சது. மயிலும் நாங்கதான், வண்டியும் நாங்கதான்." அவள் விக்கினாள். "நீ பசை டப்பாவத் தொட வுடமாட்ட. அதான் அங்க போயி செய்வோம். என் பேருல நீ செஞ்சதக் குடுக்கணுமே, அதனால அது அரீபா பேருல."

"அப்ப பாய்?"

"மாமா டீ குடிச்சிட்டுப் பாத்துக்கினு இருப்பாரு. கத்தரிக்கோலு கேட்டா குடுப்பாரு."

தூறல் ராஜவேலின் தலையில் விழுந்து உடனே ஆவியாயிற்று. கோணல் கால் மயில், கொம்பு ஒத்துவராத மாடு, குருடன்கூட நன்றாக ஒட்டுவான் என்றது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவன் காதில் நின்றன. சோற்றைப் பிசைந்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தது, அவளைப் பற்றித்தான்.

கமருஸ்ஸமானும் அவர் மனைவி நஜீமாவும் வந்து சேர்ந்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்துப் பார்த்தார். "நான் போட்ட முடிச்சு ராஜவேலு. இருவது வருசமா ஒரு படம் கூட வுழுந்ததில்ல" என்றார். கயிற்றைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார்.

அரீபா மட்டும் அழவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கவி, ஏய், இங்க பாருடி. இது புயல் அடிச்ச மாதிரியே இருக்குது."

கவிநிலா மூக்கைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஆமாண்டி. படகக் கவுத்துடலாமா?"

"கவுத்துட்டு, ரெண்டு படக கூர மேல வெச்சிடலாம்."

இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். தென்னைகளை ஒரே பக்கமாகச் சாய்த்தார்கள். தேர் வடத்தை அறுத்தார்கள். ராஜவேல் அருகே குந்தினான்.

"நான் வேணும்னா அந்தச் செவுத்த…"

"நீ தொடாதப்பா. லெவல் போயிடும்."

கண்காட்சியைப் பார்வையிட ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் சுப்பிரமணியன் வந்திருந்தார். தலைமையாசிரியை செல்வாம்பாள் கூடவே வந்தார். கலங்கரை விளக்கத்தருகே நின்று, "இதுக்கு உள்ள என்னாம்மா வெச்சிருக்க?" என்று கவிநிலாவைக் கேட்டார் சுப்பிரமணியன்.

"தெரியாது சார். எங்கப்பா இருக்காரு, கேளுங்க."

அவர் கேட்கவில்லை. வீராம்பட்டினம் இருந்த அடுத்த மேசைக்குப் போனார். அங்கே நின்றவர் நகரவில்லை. அந்தப் புயலில் அவர் வீட்டு ஓடும் பறந்திருந்தது.

"எல்லாம் பிரமாதம்" என்றார் கடைசியில். "ஆனா இந்தக் கூரைங்க இருக்கு பாருங்க டீச்சர், மேலேருந்து ஒரே அமுக்கா அமுங்கியிருக்கு. நாப்பது வருசம் படம் வரைஞ்சவன் சொல்றேன், இப்புடிக் கையால செய்ய முடியாது. பாப்பா, இந்தக் கூரைய மட்டும் யாரு செஞ்சது?"

ராஜவேல் ஒரு அடி முன்னால் வந்தான். வாய் திறந்தும் விட்டது. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவன் செய்த ஒன்றை ஒருவர் பிரமாதம் என்கிறார். கமருஸ்ஸமான் ஆவலோடு அவன் முகத்தைப் பார்த்தார். கவிநிலா அப்பாவைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். மறுபடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

வாய் மூடிக்கொண்டது.

"காத்து செஞ்சது சார்" என்றாள் கவிநிலா.

"அடடா!" சுப்பிரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப இந்தத் துண்டு போட்ட ஆளு மட்டும் எப்புடித் தப்பிச்சான்?"

"அது எங்கப்பா சார். அவருக்கு ஒண்ணும் ஆவாது."

வீராம்பட்டினம் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. 'புயலுக்கு மறுநாள். செய்தவர்கள்: அரீபா, கவிநிலா' என்று அட்டை வைத்தார்கள். கலங்கரை விளக்கத்தைத் திரும்பத் தூக்க ஆள் கிடைக்காமல், அது பள்ளிக்கூடக் கேட் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. போகிறவர் பார்க்கலாம்.

பெற்றோர் கூட்டம் வரும்போதெல்லாம் ராஜவேல் முன்கூட்டியே போய் அலமாரி முன்னால் நிற்கிறான். மகளின் பெயரை ஒருமுறை படிப்பான். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம், "அந்த மூணாவது கூரையப் பாத்தீங்களா?" என்பான்.

"சூப்பருங்க. காத்து செஞ்சதாமே?"

"ஆமா" என்பான் ராஜவேல்.

கமருஸ்ஸமான் மேல் அவனுக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை. இருவரும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். ஆனால் கடற்கரைப் பக்கம் போய்க் காற்று வீசினால் மட்டும் ராஜவேலின் முகம் சுருங்கிவிடுகிறது. ஒரு வேலையும் செய்யாமல் பேர் வாங்கிவிட்டதே என்று முறைத்துப் பார்க்கிறான். அப்படி அவன் முறைத்த சாயங்காலங்களில் காற்று சட்டென்று நின்றுபோய், பட்டம் விடும் பிள்ளைகள் அவனைத் திட்டுகிறார்கள்.