குடத்தில் இருந்தது காரம்

அம்பலவாணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற மனிதர் எல்லாரையும்போல இங்கிலீஷில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? எதற்கெடுத்தாலும் தமிழில் ஒரு சொல் வேண்டும் அவருக்கு.

பத்து நாளைக்கு முன்பு கள்ளச்சாராயம் பிடிக்கிற அப்காரிச் சேவகர்கள் ஒரு குடத்தைச் சோதித்துச் சொல்லும்படி அவர்முன் கொண்டுவந்து வைத்தார்கள். பனையேறி சங்கிலிபூதத்தான் குடிசையில் பிடித்தது. சாராயம் என்றார்கள் அவர்கள். பதனீர்க் கலயத்துக்குள் பூசக் கரைத்த சுண்ணாம்பின் தெளிநீர் என்றான் அவன். சோதனை எளிதுதான். சாராயம் லிட்மஸ் தாளின் நிறத்தை எந்தப் பக்கமும் மாற்றாது. இதுவோ சிவப்புத் தாளைப் பட்டென்று நீலமாக்கியது. ஆல்கலி! அம்பலவாணன் பெருமையோடு தமிழில் சான்று எழுதினார்: ‘குடத்தில் இருப்பது காரம்.’

வழக்கு முடிகிற நாளும் வந்தது. காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் குழம்பை வாயில் வைத்ததும் இருமினார்.

“காரம் கூடிப்போச்சோ? சாராயம் குடிச்ச மாதிரில்லா முழிக்கிய!” என்றாள் மனைவி பிரம்மநாயகி.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காரம்! கோர்ட்டுக் கச்சேரியில் அந்தச் சொல்லை யார் ஆல்கலி என்று படிப்பார்கள்? நாக்கை எரிக்கிற சரக்கு என்றுதானே படிப்பார்கள்! பாதிச் சோற்றில் எழுந்தார். அடுக்களையில் இருந்த மஞ்சள்தூளை மடியில் முடிந்துகொண்டு வண்டி பிடித்தார். ஆற்றுப் பாலத்தில் மாடு மெல்ல நடந்தது. அவருக்கோ இறங்கி ஓடலாமா என்றிருந்தது. இரண்டு தடவை இறங்கவும் செய்தார்.

பாளையங்கோட்டைக் கச்சேரியில் மாஜிஸ்திரேட் தீர்ப்புக்குப் பேனாவை எடுத்துவிட்டார். “காரம் என்று நீரே எழுதியிருக்கிறீரே!”

“அது சுண்ணாம்புக் காரம், எசமான்!”

துண்டில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, குடத்து நீரைச் சொட்டவிட்டார். ஆரத்திபோலச் சிவந்தது. வேறு வழக்கில் பிடித்த சாராயத்தைப் பக்கத்தில் விட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“சாராயம் ஒருபோதும் காரமாக நடக்காதா?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

வலுத்த அமிலத் திராவகத்திடம் அது கொஞ்சம் காரமாகவும், சோடியத்திடம் கொஞ்சம் அமிலமாகவும் நடக்கும். படித்த படிப்பு அம்பலவாணனின் நாக்கு நுனிவரை வந்தது. “மஞ்சளிடம் நடக்காது எசமான்,” என்று நிறுத்திக்கொண்டார்.

விடுதலை.

வெளியே வந்த சங்கிலிபூதத்தான் கும்பிட்டான். முகத்தில் சிரிப்பில்லை.

“ஒங்க சீட்டைப் பாத்துத்தான் ஜாமீனே இல்லைன்னுட்டாவ. தெனம் சீவலைன்னா பாளை காஞ்சிரும்லா, பத்து நாளா சீவ ஆளில்லை. இந்த வருசத்துக்கு அம்புட்டு பனையும் போச்சு. ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. சுண்ணாம்புத் தண்ணின்னே எழுதியிருக்கப்படாதாய்யா?”

எதற்கெடுத்தாலும் தமிழில் சொல் தேடுகிற அம்பலவாணனுக்கு அந்தச் சொல் மட்டும் தோன்றியிருக்கவே இல்லை.