வாந்தியில் போன மாத்திரை

தம்பியைப் பார்க்க மயிலத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்த கெங்கம்மாளுக்கு, தம்பி பெண்டாட்டி தையல்நாயகி வைத்த கஞ்சியைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது. பி.ஏ. படித்தவளாம். கஞ்சி கழுநீர் மாதிரி ஓடியது.

தம்பி நடராசனுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. இரண்டு வேளையும் மாத்திரை போட்டால்தான் மூச்சு சீராக வரும். எண்பத்துமூன்றாம் வருஷ மழைக்காலத்தில் ஊரெல்லாம் அடித்த விஷக்காய்ச்சல் அவனையும் படுக்கையில் தள்ளியிருந்தது.

"காலையில மாத்திரை போட்டதுலேர்ந்து குமட்டுதுன்றாருங்க அண்ணி. டாக்டரைக் கேட்டுக்கினு அடுத்ததைக் குடுக்கலாம்," என்றாள் தையல்நாயகி.

"தெனம் முழுங்குற மாத்திரைம்மே அது. இன்னைக்குப் புதுசா கொம்பு மொளைச்சிடுச்சா? போ, அந்தக் கஞ்சியையாவது ஒழுங்கா காய்ச்சு."

அவள் அடுப்படிக்குப் போனதும் நடராசன் வாந்தி எடுத்தான். மாத்திரை வீணாய்ப் போச்சே என்று கெங்கம்மாள் இன்னொன்று கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாந்தி. மறுபடி ஒன்று கொடுத்தாள். இதையெல்லாம் இவளிடம் சொல்வானேன்? காகிதம் படித்த மூஞ்சிக்கு நோயாளியைப் பற்றி என்ன தெரியும்?

சாயங்காலம் அவன் கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"காய்ச்சல்னா நடுங்காம நாட்டியமா ஆடுவான்?" என்றாள் கெங்கம்மாள். தையல்நாயகி காதில் வாங்காமல் அம்பாசடர் பிடித்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது கெங்கம்மாளுக்கு வேஷமாகப்பட்டது.

மூச்சிரைப்பைப் பார்த்த டாக்டர், "இழுப்புக்கு ஊசி போட்டுடலாம். அவர் முழுங்குற அதே மருந்துதான். இன்னைக்கு எத்தனை மாத்திரை போட்டாரு?" என்றார்.

"ஒண்ணுதாங்க," என்றாள் தையல்நாயகி.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். வாயைத் திறந்தால் கெங்கம்மாள் இந்த மினுக்கி முன்னால் தலைகுனிய வேண்டும். தம்பியின் கழுத்து நரம்போ துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒண்ணில்லீங்க, மூணு. வாந்தியில போச்சுன்னு நான்தான் திரும்பத் திரும்பக் குடுத்தேன்."

டாக்டர் கையை உயர்த்தி நர்ஸைத் தடுத்தார். "வாந்தியில மாத்திரை வந்ததைப் பாத்தீங்களா?"

"பாக்கலீங்க."

"இந்த மாதிரிக் காய்ச்சல்ல கல்லீரல் மந்தமாயிடும்மா. தினமும் கழிக்குற மருந்தைக் கழிக்காது, ரத்தத்துலயே தேங்கிடும். வழக்கமான அளவே கூடிப்போய்த்தான் அவருக்குக் குமட்டியிருக்கு. அதுக்கு மேல ரெண்டு குடுத்திருக்கீங்க. இந்த ஊசியும் போயிருந்தா இதயம் தாங்கியிருக்காது."

தையல்நாயகி குனிந்து நடராசன் நெஞ்சை நீவினாள். ஏசியிருந்தால் கெங்கம்மாள் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

மறுநாள் படபடப்பு அடங்கி நடராசன் தண்ணீர் கேட்டான். கெங்கம்மாள் டம்ளரை எடுத்தாள். பிறகு அதைத் தையல்நாயகியிடம் நீட்டினாள்.

"இந்தா, நீயே குடு. சிந்தாம குடுக்கவாவது தெரியுதா, பாக்கலாம்."