அழுக்கு ஒட்டாத களிமண்

களிமண் என்றதும் பானையும் சட்டியும் நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். இது வேறு களிமண். சோப்புக்கட்டி அளவில் நீலமாக இருக்கும், பிசைந்தால் மாவு மாதிரி இளகும். எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் நகர மாட்டேன் என்று கார் பெயின்ட்டின் மேல் அடம்பிடித்து உட்கார்ந்திருக்கிற அழுக்கைப் பிடுங்குவதற்கென்றே செய்தது. தார்த் துளி, மரப்பிசின், இரும்புத் தூள், யாரோ கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது காற்றில் வந்து ஒட்டின பொட்டு எல்லாம் இதற்கு அடக்கம். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, களிமண்ணை அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வரும். களிமண் கறுத்துப்போகும். மடித்துப் பிசைந்து, சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். கீழே விழுந்தால் மட்டும் பேச்சே கிடையாது, குப்பையில் போட்டுவிட வேண்டும். தரையில் இருக்கிற மணல் அதில் ஏறிக்கொள்ளும். அதை வைத்துக் காரைத் தேய்த்தால் கார்க்காரன் வந்து நம்மைத் தேய்ப்பான்.

கார் கழுவிப் பளபளப்பாக்கித் தருகிற அந்த ஷெட்டில் மூன்றே பேர். தண்ணீரும் நுரையும் ஒருத்தி பொறுப்பு. குழாயைத் திறக்கும்போதே வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும் என்பதால் அவளுக்குக் 'குழாயடி' என்று பெயர். மெஷின் போட்டுப் பளபளப்பு ஏற்றுகிறவர் பாலீஷ்காரர், அவளுடைய அண்ணன். நடுவில் இருக்கிற களிமண் வேலை பாலீஷ்காரரின் மனைவிக்கு. அவளை எல்லாரும் 'உளவுத்துறை' என்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் கைக்குத் தெரியும். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மற்றவர்களுக்குச் சொரசொரப்பு என்பதோடு சரி. இவளுக்கு அந்தக் காரின் ஜாதகமே தெரியும். "இது ரயில் பாதை ஓரமா நிக்கிற வண்டி, முள்ளு முள்ளா இருக்கு." "இது மரத்தடி, பாகு காஞ்ச மாதிரி இழுக்குது." சொன்னால் சொன்னதுதான், கார்க்காரர்கள் தலையாட்டுவார்கள். பாலீஷ்காரர் பக்கத்தில் நின்று, "இவகிட்ட எதையும் மறைக்க முடியாதுங்க. இருபது வருஷமா மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்பார். முழிக்கிற ஆள் மாதிரியா சொல்வார்? அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

அப்புறம்தான் நோய் வந்தது. மார்பில் கட்டி, ஆபரேஷன், அதற்கு மேல் ரத்தத்தில் ஏற்றின மருந்து. முடி கொட்டி, வாய் கசந்து, படுக்கையே கதி என்று கிடந்தாள். எப்படியோ எழுந்துவிட்டாள். முடி வளர்ந்தது, பசி எடுத்தது. அந்த மருந்தால் விரல் நுனியில் போன உணர்ச்சி மட்டும் வரவில்லை. எந்நேரமும் தடிமனான கையுறை மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பொத்தானைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். "சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. பார்க்கலாம்மா" என்றார் டாக்டர். டாக்டர் 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று புரியாத வயசா அவளுக்கு?

வீட்டில் வேறு மாதிரி சொன்னாள். "விரலெல்லாம் சரியாயிடுச்சுங்க. நாளையிலேருந்து ஷெட்டுக்கு வரேன்."

அவள் படுத்திருந்த மாதங்களில் எல்லாரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். குழாயடிகூடக் குரலை இறக்கிப் பேசினாள், அதைவிடக் கொடுமை உண்டா? நல்லா இருக்கீங்களா அண்ணி, சாப்பிட்டீங்களா அண்ணி, எந்திரிக்காதீங்க அண்ணி. கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும். களிமண்ணைக் கையில் எடுத்தால்தான் பழைய ஆள் ஆனதாக அர்த்தம், இல்லாவிட்டால் காலம் பூராவும் நோயாளிதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். அந்த வேலையும் போனால், அத்தனை வலியையும் தாங்கிப் பிழைத்தது எதற்கு?

ஷெட்டுக்குப் போனாள். விரல் சொல்லாததைக் கண்ணிடமும் காதிடமும் கேட்டு வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அழுக்கு இருந்தால் களிமண் ஓடும்போது கரகரவென்று மெல்லிய சத்தம் வரும், அழுக்குப் போனதும் அது அடங்கிவிடும். ஆச்சரியம் என்னவென்றால், முதல் காரிலேயே சத்தம் வரவில்லை. களிமண் வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. அடுத்த காரும் அப்படியே. பாலீஷ்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "உளவுத்துறை டியூட்டிக்கு வந்தாச்சுப்பா" என்றார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதாள்.

இன்னொரு ஆச்சரியமும் நடந்தது. அடுத்த தெருவுக்கே வண்டியில் போகிற பாலீஷ்காரர், உடம்புக்கு நல்லது என்று விடிகாலையில் நடக்கக் கிளம்பினார். தினமும் வேர்த்து விறுவிறுத்து வந்து குளிப்பார். நல்ல புத்தி வந்ததே என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் மாலையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. "இரும்புப் பட்டறைக்குப் பக்கத்துல ஒரு வருஷமா நிக்குதுங்க, தேறுமான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் கார்க்காரர். உடம்பெல்லாம் மிளகைத் தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. குழாயடி அன்றைக்கே கழுவி வைத்தாள். கழுவினால் அதெல்லாம் போகாது.

மறுநாள் காலையில் உளவுத்துறை வந்து பார்த்தால் ஒரு புள்ளி இல்லை. சரி, நுரையிலேயே போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். பேனட் முடிந்தது, கூரை முடிந்தது. களிமண்ணைத் திருப்பிப் பார்த்தாள். கடையிலிருந்து வந்த மாதிரி நீலமாகவே இருந்தது. பிய்த்துப் பார்த்தாள், உள்ளேயும் நீலம். வேலைக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் கைக்களிமண் ஒரு தடவையாவது கறுத்ததா என்று யோசித்தாள். கறுக்கவே இல்லை.

குழாயடி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டியை யாரு தேய்ச்சா?"

"நீங்கதானே தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க, அண்ணி."

"எனக்கு முன்னாடி?"

குழாயடி தண்ணீரை நிறுத்தினாள். வாயும் நின்றுபோனது. அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அண்ணன்தான், முந்தின நாள் கழுவி வெச்ச வண்டியையெல்லாம் தினம் விடிகாலையில வந்து தேய்ச்சு வெச்சிட்டுப் போறாரு. முதல் நாள் உங்களுக்குச் சிரமம் வேணாம்னுதான் தேய்ச்சு வெச்சாராம், அன்னிக்கே உங்க கையைப் பார்த்துட்டாராம். கவரை மாட்டிக்கிட்டுத் தடவும்போது நீங்க எப்பவும் கண்ணை மூடிக்குவீங்களாமே? அன்னிக்கு மூடாம முழிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவ மனசு விட்டுடக் கூடாதுன்னு சொன்னாரு. நான் என்ன பண்றது?" என்றாள்.

அவள் மிச்சக் காரையும் தேய்த்து முடித்தாள். சுத்தமான காரை இன்னொரு தடவை சுத்தம் பண்ணுகிற கூத்து. கோபம் ஒரு பக்கம் பொங்கியது. அதைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. மூன்று பேர் இருக்கிற ஷெட்டில் இரண்டு பேர் சேர்ந்து அவளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு மாலை ஒரு கறுப்புக் கார் கழுவி நின்றது. மறுநாள் விடிவதற்குள் அவள் எழுந்து, பாலீஷ்காரர் புரண்டு படுப்பதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். யாரும் தொடாத கார் ஒன்று அவளுக்கு வேண்டும். ஒரே ஒரு கதவு போதும்.

ஷெட்டில் குளிராக இருந்தது. களிமண்ணைப் பிசைந்து தட்டையாக்கி, கதவில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். கரகரவென்று சத்தம் வந்தது. களிமண்ணில் கறுப்பு ஏறியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே வந்தது. இவ்வளவுதானே, முடிகிறதே என்று தைரியம் வந்து, பழைய மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால்தான் விரல் பேசும்.

தேய்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் அடங்கிவிட்டது. கை வழுக்கிக்கொண்டு போவது போல இருந்தது. ஏதோ தெரிகிறதே, நுனியில் லேசாகத் தெரிகிறதே என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தாள். பார்க்கலாம் என்றாரே டாக்டர், இந்தா பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது கையில் களிமண் இல்லை. வெறும் கை. கதவில் தெளித்த தண்ணீர் எப்போதோ காய்ந்து வெள்ளைத் திட்டாகியிருந்தது. களிமண் அவள் காலடியில் மண்ணோடு கிடந்தது. எப்போது விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் பாலீஷ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"இப்பதான் வந்தேன்."

வந்து குனிந்து, விழுந்ததை எடுத்துக் குப்பையில் போட்டார். புதுத் துண்டு ஒன்றைப் பிய்த்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாகும் வரை பிசைந்தார். கண் கலங்கியிருந்ததை மறைக்கவாவது அவருக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

"குளிர்ல இறுகிப்போயிருக்கும், அதான் வழுக்கிடுச்சு. இந்தா, இது நல்லா இளகிடுச்சு."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே தேய்ங்க."

"நீ தேய்மா. நான் பின்னாடியே வந்து..."

"பின்னாடியா? முன்னாடியே வந்துதானே தேய்க்கிறீங்க?"

பாலீஷ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போய், கார்க்காரர்கள் காத்திருப்பதற்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷெட் திறந்த நாளிலிருந்து அதில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் வேற்று இடம் மாதிரி இருந்தது. அழுகையை அடக்கவில்லை, வந்த மட்டும் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவரும் கிட்டே வந்து தேற்றவில்லை.

வெளியே நன்றாக விடிந்துவிட்டது.

"பின் கதவைத் தடவிப் பாருங்க" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கவரை மாட்டிக்கிட்டு."

அவர் மாட்டிக்கொண்டு தடவினார்.

"எப்படி இருக்கு?"

"சொரசொரப்பா இருக்கு."

"எந்த மாதிரி சொரசொரப்பு?"

அவர் மேலிருந்து கீழே மறுபடியும் தடவினார். அவள் செய்வது போலக் கண்ணை மூடிக்கொண்டும் தடவிப் பார்த்தார்.

"தெரியலையே" என்றார் கடைசியில்.

இருபது வருஷமாக ரயில் பாதையா, மரத்தடியா என்பதை அவள் சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார்.