மூட்டையம்மா சிரித்தாளா?

"அவ அப்படிச் சொல்ல மாட்டா," என்றாள் அம்மா, சோபாவில் துணி மடித்துக்கொண்டே. "சிரிச்சுக்கிட்டே சொல்லுவா."

மகள் புத்தகத்தை மடியில் இறக்கினாள். சிரித்துக்கொண்டே என்று அதில் எங்கேயும் அச்சடிக்கவில்லை. இருந்தது இரண்டே வார்த்தை: "எத்தனை பெட்டி?" புருஷன் இன்னொரு வேலையையும் உதறிவிட்டு வந்து, தொப்பியைத் தூக்கி எறிந்து, "பசங்களா, மூட்டை கட்டுங்க!" என்று கூவிய அடுத்த நிமிடம் மூட்டையம்மா கேட்கும் கேள்வி அது. மகள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்திருந்தாள். வேறு எப்படி வாசிப்பதாம்?

'மூட்டை முடிச்சுக் குடும்பம்' மொத்தம் பன்னிரண்டு புத்தகங்கள். புத்தகத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு வீடு. மூட்டையப்பா மணிக்கூண்டுக் கடிகாரங்களைப் பழுது பார்ப்பவர். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். முதலாளியோடு முட்டிக்கொண்டு வருவார், மூட்டை கட்டச் சொல்வார், பிள்ளைகள் குதிப்பார்கள். மூத்தவன் நெட்டை, கடைக்குட்டி நண்டு. நடுவில் ஒரு பெண். பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கி வருவது அவள் வேலை, அதனால் அவளுக்குப் பெயரே கூடை.

மகள் வளர்ந்த வீட்டிலும் நடந்தது ஏறக்குறைய இதேதான். அவளுடைய அப்பா அச்சு இயந்திரம் பொருத்துகிறவர். அவருக்கும் எந்த முதலாளியும் ஒத்துவரவில்லை. ஆனால் அவர் அதைத் தோல்வி மாதிரி காட்டிக்கொண்டதே இல்லை. தொப்பி இல்லாததால் துண்டை எறிவார். புது வீட்டுக்குப் போன முதல் சாயங்காலம், பிரிக்காத பெட்டிகளின் மேல் எல்லாரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வேஷமாகப் பிரித்துக்கொண்டு, அந்தத் தொடரில் ஒரு புத்தகத்தை உரக்க வாசிக்க வேண்டும். மூட்டையப்பா யார் என்று சொல்லவே வேண்டாம். அம்மாவுக்கு மூட்டையம்மா, அண்ணனுக்கு நெட்டை, தம்பிக்கு நண்டு. இவளுக்குக் கூடை.

கூடைக்கு வசனம் கிடையாது. ஓடுவாள், பார்ப்பாள், தலையாட்டுவாள். நாலாவது புத்தகத்தில் மட்டும் ஒரு வரி பேசுவாள்: "பூனை எங்கிட்ட இருக்கு." அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு புத்தகம் முழுக்கக் காத்திருந்த சாயங்காலம் அவளுக்கு நினைவிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அப்பா இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த நாளில் அவளுக்கு மூட்டையப்பா என்றால் உயிர். மூட்டையம்மா ஒரு பொருட்டே இல்லை. இப்போது, ஒரு வாரம் தங்கிப் போக வந்த அம்மா பழைய புத்தகங்களைப் பேத்தி பாப்பாவுக்காகக் கொண்டுவந்து இறக்கிய பிறகு, ஒவ்வொரு பக்கமும் எரிச்சல் மூட்டியது. என்ன ஆள் இவன்? நேற்று ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டவளிடம், நாளைக்குக் கிளம்பு என்கிறான். ஒரு புத்தகத்தில், ஒரே ஒரு தடவை, 'உனக்குச் சம்மதமா' என்று கேட்டிருப்பானா? பன்னிரண்டையும் தேடிவிட்டாள். இல்லை.

எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. மூட்டையப்பா வேஷத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன், குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளன். வேறோர் ஊரில் கம்பெனி புதிதாகக் கட்டிய கிடங்குக்கு அவனையே தலைவனாகப் போகச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாக அவள் முடியாது என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பாவின் பள்ளிக்கூடம் என்றாள். அங்கே இதைவிட நல்ல பள்ளியாகப் பார்த்துவிட்டான். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறாள், ஒரு அவசரத்துக்கு ஓடி வர முடியாது என்றாள். அம்மாவையும் கூட்டிப்போகலாம் என்று மாடி ஏறாத கீழ்த்தள வீடு ஒன்றைப் போட்டோவோடு காட்டினான். அவள் தேடித் தேடி ஒரு சாக்கைக் கொண்டுவந்தால், ஒரே ஃபோனில் அதைத் தீர்த்து வைத்துவிட்டுச் சிரித்த முகமாக வந்து நின்றான். கெட்டவனாக இருந்தாலாவது கத்தலாம்.

கடைசியில் நேற்றுச் சொல்லிவிட்டாள். "எங்கம்மா பட்ட பாட்டை நான் பட மாட்டேன்."

அதை மட்டும் அவனால் எந்த ஃபோனிலும் தீர்த்து வைக்க முடியவில்லை. இப்போது அந்த அம்மாவே உட்கார்ந்து, மூட்டையம்மா சிரித்தாள் என்கிறாள்.

"எதுக்கும்மா சிரிக்கணும்?" என்றாள் மகள். "அவளுக்கு என்ன பைத்தியமா? வீட்டைத் துடைச்சு வச்சு ஒரு மாசம்கூட ஆகல."

"பைத்தியமும் இல்ல ஒண்ணும் இல்ல. கொடு, நான் வாசிக்கிறேன்." அம்மா புத்தகத்தை வாங்கினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "எத்தனை பெட்டி?" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிள்ளையின் குரல் அது.

தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாப்பா கைதட்டினாள். "பாட்டிதான் சூப்பர். நீ வாசிச்சா மூட்டையம்மா டீச்சர் மாதிரி இருக்காம்மா."

"அடுத்த வரியைப் படிங்க," என்றான் கணவன். அவன் குரலில் ஒரு ஜாக்கிரதை வந்திருந்தது.

"படிக்கலாம். முதல்ல இது முடியட்டும். அம்மா, நீ நடிக்காத. உண்மையைச் சொல்லு. அப்பா துண்டைத் தூக்கிப் போட்டப்போ உனக்கு வயிறு எரியல?"

"எதுக்கு எரியணும்?"

"நீங்க சண்டை போட்டுட்டே இருந்தா கதை நகராது," என்று பாப்பா எழுந்தாள். வண்டியும் கிளம்பவில்லை, பூனையும் வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அம்மா ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். "மாப்பிள்ளை, இவ என்னமோ என்னைப் பெரிய தியாகி ஆக்கிட்டிருக்கா. நீங்க நம்பாதீங்க. எனக்கு வீடு மாத்தறது பிடிக்கும். புது அலமாரியில பேப்பர் விரிச்சு, எது எங்க வைக்கலாம்னு யோசிக்கிறது இருக்கே, அதுல ஒரு சுகம். பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சி பிடிக்கலைன்னா என்ன, கொஞ்ச நாள் பொறுத்தா போதும், மூஞ்சியே மாறிடும்!"

கணவன் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு மனைவியைப் பார்த்தான். அவன் கண்ணில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்ததை அவள் கண்டாள், உடனே அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துட்டிருந்தியே, அந்த வேலை? அதை விடல?"

"அதுவா! அந்த மேனேஜர் மேசைக்கு மேசை வந்து தோளுக்குப் பின்னாடி மூச்சு விடுவான். எப்படா விடலாம்னு இருந்தேன். உங்கப்பா கடவுள் மாதிரி வந்து மூட்டை கட்டுன்னாரு."

"மாடி வீட்டுல அத்தனை தொட்டி வச்சு ரோஜா வளர்த்தியே, அதெல்லாம்?"

"பூச்சி பிடிச்சுப் போச்சுடி பாதி. நிம்மதியா விட்டுட்டு வந்தேன்."

ஒவ்வொன்றாகப் போயிற்று. அம்மாவுக்காக முப்பது வருஷம் கழித்து வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், கட்சிக்காரியோ எதிர்க்கட்சி வக்கீலோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.

"அத்தைக்கே கஷ்டமா தெரியலைன்னா..." என்று ஆரம்பித்தான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். ரெண்டு வாரமா சும்மாதான் இருக்கேன்."

"ஏன்டி கூடை, அவர் மேல பாயற?" என்றாள் அம்மா. இந்த வயதிலும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "உனக்குத்தான் என்ன கஷ்டம் வந்துச்சு? உங்கண்ணன் கத்துவான். தம்பி தரையில உருளுவான். நீ அழுததே இல்ல. உன் பையை மாட்டிட்டு முதல் ஆளா வண்டியில ஏறி உக்காந்துடுவ. கூடை தங்கமான பொண்ணுன்னு உங்கப்பா ஊரெல்லாம் சொல்லுவாரு."

மகள் அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"நான் ஏன் அழல?" என்றாள் மெதுவாக.

"எனக்கு எப்படித் தெரியும்? உன் சுபாவம்."

"சுபாவமா? ரெண்டு பால்கனி வீடு ஞாபகம் இருக்கா? எதிர் பால்கனிப் பொண்ணும் நானும் தீப்பெட்டியில நூல் கட்டி ஃபோன் பேசுவோம். கிளம்பற அன்னைக்கு அந்த நூலை நான்தான் வெட்டணும்னு அண்ணன் சொன்னான், வண்டி மேல மாட்டுதாம். நான் கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு நின்னேன். உதடு துடிச்சுது. நீ மாடிப்படியில பாத்திர மூட்டையோட வந்த. என்ன சொன்ன தெரியுமா? 'நீயும் அழுதா அப்பா முகம் வாடிடும். அவர் எவ்வளவு சந்தோஷமா இருக்காரு பாரு.' அவ்வளவுதான். நான் வெட்டிட்டேன். அப்புறம் நான் அழவே இல்ல."

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நானா சொன்னேன்?" என்றாள் அம்மா. "எனக்கு ஞாபகம் இல்லையே."

கோபித்துக்கொண்டு சொன்னால் மகள் பதிலுக்குக் கோபித்திருப்பாள். பொய்யென்று சொன்னால் சண்டை பிடித்திருப்பாள். ஞாபகம் இல்லை என்பதை என்ன செய்வது? அது சுவர். அதில் முட்டினால் நமக்குத்தான் வலிக்கும். அம்மா நடிக்கவும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நிஜமாகவே அவளுக்கு நினைவில்லை. மகள் ஆயுசுக்கும் சுமந்தது, அவளுக்கு மாடிப்படியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு பேச்சு.

அம்மாவின் பக்கத்தில் திறந்து கிடந்த புத்தகத்தை மகள் எடுத்து மூடினாள். இத்தனை நாள் மூட்டையம்மாவுக்காகக் கொதித்தது வீண் என்று தோன்றியது. மூட்டையம்மா ஒருவேளை சிரித்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? கூடையைத்தான் யாரும் படிக்கவில்லை. தானும்தான்.

கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் வரல. எனக்கு இஷ்டமில்ல. அம்மாவுக்காக இல்ல, பாப்பாவுக்காக இல்ல. எனக்கு."

அவன் நிமிர்ந்தான். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே? நான் ஸ்கூல் ஸ்கூலா அலைஞ்சேன். கீழ்த்தளத்துல வீடு வேணும்னு ஒரு புரோக்கர் கால்ல விழாத குறை. எல்லாம் எதுக்கு? நீ சொன்ன காரணத்துக்கெல்லாம் வழி பண்ணிட்டா நீ வருவேன்னு நினைச்சேன்."

"தப்புதான். எனக்கே தெரியல."

"சரி, இப்பவாவது சொல்லு. இந்த ஊர்ல உனக்கு அப்படி என்ன இருக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். பாப்பா, அம்மா, பள்ளிக்கூடம் என்று வரிசை கட்டி நிற்கும் வார்த்தைகள் எல்லாம் வந்தன, தனக்கென்று ஒன்று வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கடை," என்றாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். "அந்த பேக்கரிக்காரர் பொண்ணு நாற்காலியில கால் தரையில படாத வயசுல முதல் கண்ணாடி போட வந்தா. போன மாசம் காலேஜ் சேர்ந்துட்டேன்னு வந்து நிக்கிறா. ஒவ்வொரு வருஷமும் அவ பவர் எவ்வளவு ஏறுச்சுன்னு எனக்குக் கார்டு பார்க்காமலே தெரியும். தெருவில போனா கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு வணக்கம் சொல்றாங்க. என்னைத் தெரிஞ்சவங்க இருக்கற ஊர் எனக்கு வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. அதை விட்டுட்டு வர முடியாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். போதாதா?"

அவன் கையை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டான். "எனக்கும் ஆசையா இருந்துச்சு," என்றான். "மேல போறதுக்கு இது ஒண்ணுதான் வழி. இங்க இருந்தா நான் இப்படியேதான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் வேண்டாங்கற."

"தெரிஞ்சும்தான்."

அம்மா இடையில் புகுந்தாள். "நான் அப்படிச் சொல்லியிருந்தாலும் இருப்பேன்டி. மூட்டை கட்டற அவசரத்துல வாய் என்னத்தையோ சொல்லும். அதுக்குப் போய் மாப்பிள்ளையோட சந்தோஷத்தை..."

"அம்மா," என்றாள் மகள். "மறுபடியும் அதையே சொல்ற."

அம்மா நிறுத்திக்கொண்டாள். எதைச் சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பாதி புரிந்த முகமாக, மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். மன்னிப்பு என்று இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. மகளுக்கு அது போதவில்லை. ஆனால் இன்னும் தோண்டினாலும் அந்தக் கிணற்றில் இவ்வளவுதான் தண்ணீர்.

"காலையில ஆபீஸ்ல சொல்லிடறேன்," என்றான் கணவன் கடைசியில். "வேற ஆளைப் பார்த்துக்கட்டும். ஆனா ஒண்ணு. என்னால சிரிச்ச முகமா இருக்க முடியாது. கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருப்பேன். நீ எதுவும் சொல்லக் கூடாது."

"இருங்க," என்றாள். "நானும் சொல்ல மாட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். தோள் தொங்கியிருந்தது. எழுந்து போய் டீ போட்டுக் கொடுக்கலாமா, முதுகைத் தடவலாமா, ஒரு வருஷம் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாமா என்று அவள் கால் துடித்தது. சொல்லிவிட்டால் அவன் முகம் எப்படி மலரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.